நீண்ட ஆங்கிலச் சொற்களை அசை பிரித்து, அழுத்தம் அறிந்து சொல்லும் முறை

துறைமுகத்தை ஒட்டிய சரக்கு அலுவலகங்களுக்கும், மணலியின் ஆலைகளுக்கும், பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலைக்கும் வேலைக்கு மனுப்போடும் வடசென்னைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்களின் பொருள் பெரும்பாலும் தெரிந்தே இருக்கிறது. எழுதச் சொன்னால் பிழையின்றி எழுதுகிறார்கள். ஆனால் நேர்காணலில் “ரெஸ்பான்ஸிபிலிட்டி”, “சூப்பரின்டென்டென்ட்” போன்ற சொற்கள் வாயில் வரும்போது நடுவில் தடுக்கி நிற்கிறார்கள். அல்லது ஒரே மூச்சில் சொல்லிவிட, எதிரே இருப்பவர் என்ன சொன்னீர்கள் என்று மறுபடி கேட்கிறார். அந்தச் சொல் எத்தனை துண்டாகப் பிரிகிறது, எந்தத் துண்டு ஓங்கி ஒலிக்கிறது, எவை ஒடுங்கிப்போகின்றன என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை என்பதே இதற்குக் காரணம். இது கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்று. பெரும்பகுதி விதிக்குள் அடங்குவதும்கூட.

தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று வகுத்துக்கொண்டு, எழுதியபடியே வாசிக்கப் பழகியவர்கள் நாம். தமிழில் ஒரு சொல்லின் எந்த இடத்தை அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் அப்படியில்லை. நீண்ட சொல் ஒவ்வொன்றிலும் ஓர் அசை மற்றவற்றைவிட நீளமாகவும் உரக்கவும் சற்று உயர்ந்த சுரத்திலும் ஒலிக்கும். அதற்கு ஈடுகட்டுவதுபோல மற்ற அசைகள் சுருங்கும். ஆங்கிலம் கேட்டுப் பழகிய காது முதலில் அந்த ஓங்கிய அசையைத்தான் தேடுகிறது, அதைப் பிடித்துக்கொண்டே சொல்லை அடையாளம் காண்கிறது. எல்லா அசைகளையும் நாம் சமமாகச் சொல்லும்போது ஒலிகள் அனைத்தும் சரியாக இருந்தும் சொல் பிடிபடாமல் போவது இதனால்தான்.

சுருக்கிச் சொல்வது நமக்குப் புதிதன்று. “வண்ணாரப்பேட்டை” என்று எழுதுகிறோம். பேச்சில் “வண்ணாரப்பேட்ட” என்று முடிக்கிறோம். இலக்கணம் இதை ஐகாரக்குறுக்கம் என்கிறது. “பாக்கு”, “காசு” ஆகியவற்றின் இறுதி உகரம் அரை மாத்திரையாகக் குறைவதைக் குற்றியலுகரம் என்கிறது. ஆங்கிலத்தில் அழுத்தம் பெறாத உயிர்களுக்கு நேர்வதும் ஏறக்குறைய இதுவே.

இனி வரும் எடுத்துக்காட்டுகளில் அசைகளைச் சிறுகோட்டால் பிரித்திருக்கிறேன். அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் “ˈ” என்ற குத்துக்கோடு நிற்கும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் அகராதிகளில் காணப்படுவதும் இதே குறிதான் என்பதால் இப்போதே கண்ணுக்குப் பழகிவிடட்டும். ஆங்கில ஒலிகளைத் தமிழ் எழுத்தில் முழுமையாகக் காட்ட இயலாது. எழுத்தை ஒரு கைகாட்டியாக மட்டும் கொள்ளுங்கள்.

முதற்படி: எண்ணுதல்

சொல்லில் எத்தனை உயிரொலி கேட்கிறதோ அத்தனை அசை. எழுதப்பட்ட உயிரெழுத்தை எண்ணக் கூடாது, காதில் விழும் ஒலியைத்தான் எண்ண வேண்டும். புறங்கையை முகவாய்க்கு அடியில் வைத்துக்கொண்டு சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள்; ஒவ்வோர் உயிரொலிக்கும் தாடை ஒருமுறை கீழிறங்கும். “கன்டெய்னர்” என்பதற்கு மூன்று முறை, “கார்பொரேஷன்” என்பதற்கு நான்கு முறை.

யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இங்கே அசை என்பது நேரசை, நிரையசை என்னும் கணக்கன்று. “ராயபுரம்” செய்யுளில் ரா, யபு, ரம் என மூன்று அசையாக அலகிடப்படும். உயிரொலிக் கணக்கிலோ ரா, ய, பு, ரம் என நான்கு. ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டாவது கணக்கே வேண்டும்.

எழுத்து ஏமாற்றும் இடங்கள் சில உண்டு. சொல்லின் இறுதியில் ஒலிக்காமல் நிற்கும் “ஈ” என்ற எழுத்து கணக்கில் சேராது. இரண்டு உயிரெழுத்துகள் அருகருகே வந்து ஒரே ஒலியாகக் கேட்டால் ஓர் அசைதான், “ட்ரெய்ன்” அப்படிப்பட்டது. அதே எழுத்துகள் தனித்தனியாக ஒலித்தால் இரண்டு. “ரேடியோ” ரே-டி-யோ என மூன்றாகும். இறந்தகாலத்தைக் காட்டும் “ஈ-டி” என்னும் இரண்டெழுத்து, முன்னால் “ட்” அல்லது அதன் அதிர்ந்த ஒலி (“வண்டி”யில் கேட்பது) இருந்தால் மட்டுமே புதிய அசையைத் தரும்: “வான்டெட்” இரண்டு அசை, ஆனால் “வாக்ட்” ஒன்றே. இதை “வாக்கெட்” என்று சொல்லும் பழக்கம் பலரிடம் இருக்கிறது.

எண்ணும்போது தமிழ் நாக்கு இரண்டு வகையில் கணக்கை மாற்றிவிடும். மெய்யெழுத்துக் கூட்டத்தில் சொல் தொடங்குவதும், வல்லின மெய்யில் முடிவதும் தமிழ் மரபில் இல்லை. ஆகவே “ஸ்கூல்” “இஸ்கூல்” ஆகிறது, “பஸ்” “பஸ்ஸு” ஆகிறது, ஓரசைச் சொல்லான “ஃபில்ம்” நடுவில் ஓர் இகரம் பெற்று “ஃபிலிம்” ஆகிறது. மறுபுறம், இருக்கும் அசையை விழுங்குவதும் உண்டு. “ஆப்ரேஷன்” என்று மூன்றாகச் சொல்லப்படுவது ஆங்கிலத்தில் நான்கு: ஆ-ப-ˈரே-ஷன். “டெவ்லப்மென்ட்” என்பதும் நான்கு அசை கொண்டது.

இவற்றைத் தமிழ்ப் பேச்சில் திருத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட காலம்தொட்டு “டேசன்” போன்ற சொற்கள் இந்தத் தெருக்களில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கித் தமிழாகவே ஆகிவிட்டன. தமிழ் பேசும்போது அப்படியே சொல்வதில் குறையேதும் இல்லை. ஆங்கில வாக்கியத்தில் சொல்லும்போது மட்டும் ஆங்கிலக் கணக்கு வேண்டும்.

ஆங்கிலேயரே அசையை விழுங்கும் சொற்களும் உண்டு. “கம்ஃபர்ட்டபிள்” எழுத்துக்கு நான்கு அசைபோலத் தோன்றினாலும் பெரும்பாலும் ˈகம்ஃப்-ட-பிள் என்று மூன்றாகவே ஒலிக்கும். “வெஜிடபிள்” மூன்று, “சாக்லேட்” இரண்டு. இவற்றை மனப்பாடம் செய்துகொள்வதே வழி.

இரண்டாம்படி: வெட்டுதல்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். இரண்டு உயிர்களுக்கு நடுவில் இரண்டு மெய்கள் நின்றால் அவற்றுக்கு இடையில் வெட்டுங்கள்: டாக்-டர், கன்-டெய்-னர். ஒரே மெய் நின்றால் அதைப் பின்னால் வரும் அசையோடு சேருங்கள்: பே-பர். “ட்ர”, “ப்ர”, “க்ர” போல, சொல்லின் தொடக்கத்தில் வரக்கூடிய கூட்டெழுத்துகளைப் பிரிக்காமல் அடுத்த அசைக்கு அனுப்புங்கள்: அ-ˈப்ரென்-டிஸ். முன்னொட்டும் பின்னொட்டும் தெளிவாகத் தெரிந்தால் அவற்றை முதலில் கழற்றிவிடுங்கள்.

அகராதிகள் பலவற்றில் தலைச்சொல்லுக்குள் இடப்படும் புள்ளிகள் வரியின் இறுதியில் சொல்லை முறித்து எழுதுவதற்கானவை. உச்சரிப்புப் பிரிவு அதிலிருந்து வேறுபடலாம். இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று குழம்ப வேண்டியதில்லை. எண்ணிக்கை சரியாக இருந்து, வெட்டு ஒரு மெய் முன்பின்னாக விழுந்தால் கேட்பவருக்கு வேறுபாடே தெரியாது.

மூன்றாம்படி: வாலைப் பார்த்தல்

நீண்ட சொல்லைப் பார்த்ததும் அதன் தலையிலிருந்து படிக்கத் தொடங்குவதுதான் வழக்கம். அழுத்தம் தேடுபவர் வாலிலிருந்து தொடங்க வேண்டும். ஆங்கிலத்தின் நீண்ட சொற்களில் மிகப் பலவற்றின் அழுத்தத்தை அவற்றின் பின்னொட்டே முடிவு செய்கிறது. இந்த ஒன்றை உறுதியாகப் பிடித்துக்கொண்டால் முன்பின் பார்த்திராத சொல்லையும் துணிந்து சொல்லலாம்.

“ஷன்” என்று ஒலிக்கும் வால்தான் அன்றாடம் அதிகம் எதிர்ப்படுவது. எழுத்து எப்படி இருந்தாலும், அந்த “ஷன்”னுக்கு நேர் முன்னால் உள்ள அசையே அழுத்தம் பெறும்: அப்-ளி-ˈகே-ஷன், ரெ-ஜிஸ்-ˈட்ரே-ஷன், கார்-ப-ˈரே-ஷன், பர்-ˈமி-ஷன், இ-லெக்-ˈட்ரி-ஷன். இதற்கு விதிவிலக்கு மிக அரிது. “இக்” என்று முடியும் சொற்களிலும் அப்படியே, நேர் முந்திய அசை: மெ-ˈகா-னிக், இ-ˈலெக்-ட்ரிக். அதோடு “அல்” சேர்ந்து “இகல்” ஆனாலும் அழுத்தம் நகராது: மெ-ˈகா-னி-கல், பெட்-ரோ-ˈகெ-மி-கல். இந்த வகையில் “ˈபா-லி-டிக்ஸ்”, “அ-ˈரித்-ம-டிக்” போன்ற சில சொற்கள் மட்டும் விதிக்கு அடங்காமல் நிற்கும். “இன்-ˈடஸ்-ட்ரி-யல்”, “ம-ˈடீ-ரி-யல்”, “க-ˈமர்-ஷல்” ஆகியவற்றின் வாலும் தனக்கு முந்திய அசைக்கே அழுத்தத்தைத் தருகிறது.

“இட்டி” என்று முடிபவற்றில் கடைசியிலிருந்து மூன்றாம் அசையை எண்ணிப் பிடியுங்கள்: யூ-னி-ˈவர்-ஸி-டி, ஸி-ˈக்யூ-ரி-டி, க-ˈபா-ஸி-டி, இ-லெக்-ˈட்ரி-ஸி-டி. “லஜி”, “கிரஃபி” என்று முடியும் துறைப் பெயர்களிலும் மூன்றாம் அசைதான்: டெக்-ˈநா-ல-ஜி, பை-ˈஆ-ல-ஜி, ஃப-ˈடாக்-ர-ஃபி. மூன்றும் அதற்கு மேலும் அசை கொண்ட, “ஏட்” என்று முடியும் வினைச்சொற்களும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை: ˈகால்-க்யு-லேட், க-ˈம்யூ-னி-கேட், ˈஆ-ப-ரேட்.

ஒரே குடும்பத்துச் சொற்களை அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் விதி நாவில் படியும். துறைமுகத்துக் கிரேன் “ˈஆ-ப-ரேட்” செய்யப்படுகிறது. அதை இயக்குபவர் “ˈஆ-ப-ரே-டர்”. அவர் செய்யும் வேலை “ஆ-ப-ˈரே-ஷன்”. முதல் இரண்டிலும் தலையில் இருந்த அழுத்தம், “ஷன்” ஒட்டியதும் பின்னோக்கி நகர்ந்துவிட்டது. “ˈஃபோ-ட-க்ராஃப்”, “ஃப-ˈடாக்-ர-ஃபர்”, “ஃபோ-ட-ˈக்ரா-ஃபிக்” என்ற மூன்றில் அழுத்தம் முதல், இரண்டு, மூன்று என்று படிப்படியாக இறங்குவதையும், அழுத்தம் விலகிய அசையின் உயிர் ஒவ்வொரு முறையும் ஒடுங்குவதையும் கவனியுங்கள். இந்த மூன்றையும் தடுக்காமல் சொல்ல வந்துவிட்டால் பாடத்தில் பாதி கைவந்ததாகக் கொள்ளலாம்.

சில வால்கள் அழுத்தத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும். நீண்ட “ஈ” என்றும் “இயர்” என்றும் முடிபவை அத்தகையவை: ட்ரெய்-ˈனீ, கே-ரன்-ˈடீ, வா-லன்-ˈடியர், என்-ஜி-ˈனியர். வங்கிப் படிவத்தில் கையெழுத்திடும்போது பார்க்கும் “நாமினி”யும் உண்மையில் நா-மி-ˈனீ. “க-ˈமி-டி” மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது.

வேறு சில வால்களோ எதையும் அசைக்காமல் வெறுமனே ஒட்டிக்கொள்ளும். “மென்ட்”, “நெஸ்”, “லி”, “ஃபுல்”, “லெஸ்”, “இங்”, “அர்” ஆகியவற்றைப் பார்த்தால் கழற்றி வைத்துவிட்டு, எஞ்சிய சொல்லின் அழுத்தத்தைப் பாருங்கள். டி-ˈவெ-லப் என்பதால் டி-ˈவெ-லப்-மன்ட். ˈமா-னிஜ் என்பதால் ˈமா-னி-ஜர், ˈமா-னிஜ்-மன்ட். நம் பக்கத்தில் “டெவலப்மென்ட்” என்பதன் முதல் அசையை ஓங்கிச் சொல்வது மிகப் பரவலாக இருப்பதால் இந்தச் சொல்லைத் தனியே பயிற்சி செய்வது நல்லது.

தெரிந்த வால் எதுவும் இல்லாத சொல்லை எப்படி அணுகுவது? மூன்றசை அல்லது அதற்கு மேற்பட்ட பெயர்ச்சொல்லாக இருந்தால் கடைசியிலிருந்து மூன்றாம் அசையை ஊகியுங்கள்: ˈஹாஸ்-பி-டல், ˈகா-லன்-டர், ˈஃபாக்-ட-ரி, ˈபா-ஸின்-ஜர், ஸர்-ˈடி-ஃபி-கட். ஈரசைப் பெயரென்றால் பெரும்பாலும் முதலசை: ˈஹார்-பர், ˈஆ-ஃபிஸ், ˈமார்-கிட். இது ஊகம்தான். ஹோ-ˈடெல், ப-ˈலீஸ், ம-ˈஷீன், டி-ˈபா-ஸிட் போன்றவை இதற்கு அடங்கா; இவை அன்றாடம் வழங்கும் சொற்கள் என்பதால் எழுதி வைத்துக்கொண்டு பழகலாம். இரண்டு முழுச்சொற்கள் சேர்ந்த கூட்டுப் பெயர் என்றால் முதற்சொல்லே ஓங்கும்: ˈரெயில்-வே, ˈஃபுட்-பால், மின்ட் பகுதியின் மணிக்கூண்டைச் சொல்லும் “ˈகிளாக் டவர்”.

பெயரா, வினையா?

துறைமுகம் சார்ந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பகுதி மிகவும் உதவும். ஒரே எழுத்துக்கூட்டல் கொண்ட சில ஈரசைச் சொற்கள், பெயராக வரும்போது முதலசையிலும் வினையாக வரும்போது இரண்டாம் அசையிலும் அழுத்தம் பெறுகின்றன. சரக்கு “ˈஇம்-போர்ட்” எனப்படும். அதைத் தருவிப்பது “இம்-ˈபோர்ட்”. ஏற்றுமதிக்கும் அவ்வாறே “ˈஎக்ஸ்-போர்ட்”, “எக்ஸ்-ˈபோர்ட்”. கையில் இருக்கும் அனுமதிச் சீட்டு “ˈபர்-மிட்”, அனுமதிப்பது “பர்-ˈமிட்”. பதிவேடு “ˈரெ-கார்ட்”, பதிவுசெய்வது “ரி-ˈகார்ட்”. இதில் உயிரொலியும் மாறிவிடுவதைக் காண்கிறீர்கள். “டிரான்ஸ்போர்ட்” என்பதும் இந்த வழக்கத்தையே பின்பற்றும். எல்லா ஈரசைச் சொற்களும் இப்படி என்று எண்ணிவிட வேண்டாம்: “ரி-ˈபோர்ட்”, “ஸ-ˈபோர்ட்”, “கன்-ˈட்ரோல்” ஆகியவை பெயரானாலும் வினையானாலும் ஒன்றே.

நான்காம்படி: மற்றவற்றை ஒடுக்குதல்

பலர் அழுத்தம் விழும் அசையைச் சரியாகக் கண்டுபிடித்து, அதை ஓங்கியும் சொல்லிவிட்டு, மற்ற அசைகளையும் முழு அளவில் சொல்கிறார்கள். அதனால் பயன் பாதிதான். என் கருத்தில் ஓங்கிச் சொல்வதைவிட ஒடுக்கிச் சொல்வதே முக்கியம்; சுற்றியிருப்பவை தணிந்தால் அழுத்தம் பெற்ற அசை தானே எடுப்பாகக் கேட்கும்.

அழுத்தம் பெறாத அசைகளில் எந்த உயிரெழுத்து எழுதப்பட்டிருந்தாலும், பெரும்பாலும் அது வாயை அதிகம் திறக்காமல், நாக்கை எங்கும் உயர்த்தாமல் சொல்லும் மங்கலான ஓர் அகரமாகிவிடும். இதற்கு “ஷ்வா” என்று பெயர். அகராதிகள் தலைகீழாகத் திருப்பிய சிறிய “ஈ” எழுத்தால் இதைக் குறிக்கும். ஆங்கிலத்தில் மிக அதிகமாக ஒலிக்கும் உயிர் இதுவே. “கன்டெய்னர்” என்பதில் “கன்” எழுத்துக்கு ஓகாரம் போன்றது. ஒலியில் அது மங்கிய அகரம். “ஸர்-ˈடி-ஃபி-கட்” என்பதன் இறுதியை “கேட்” என்று நீட்டாமல் “கட்” என்று சுருக்குவதும் இதனால்தான்.

இதற்கு ஏற்ற பயிற்சி, சொல்லை வாலிலிருந்து கட்டுவது. “அப்ளிகேஷன்” வேண்டுமென்றால் முதலில் “ஷன்”, பிறகு “ˈகே-ஷன்”, பிறகு “ளி-ˈகே-ஷன்”, கடைசியில் முழுச்சொல். தலையிலிருந்து சொல்லும்போது மூச்சும் கவனமும் முதலசையிலேயே தீர்ந்துபோய் வால் சிதைகிறது. வாலிலிருந்து கட்டினால், நன்கு பழகிய பகுதியை நோக்கியே நாக்கு நகர்கிறது. அழுத்தம் விழும் அசையில் மட்டும் மேசையைத் தட்டுங்கள் அல்லது கையை உயர்த்துங்கள். மற்ற இடங்களில் கை அசையக் கூடாது.

ஒரு சொல்லை முழுமையாகப் பிரித்துப் பார்ப்போம்

ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போகிறவர்கள் குடல், இரைப்பை நோய்ப் பிரிவின் ஆங்கிலப் பெயரைப் படிக்கத் திணறுவார்கள்: “கேஸ்ட்ரோஎன்டராலஜி”. தாடையில் கை வைத்து எண்ணினால் ஏழு. கேஸ்-ட்ரோ-என்-ட-ரா-ல-ஜி என்று வெட்டுகிறோம். வால் “லஜி”, ஆகவே கடைசியிலிருந்து மூன்றாவதான “ரா” அழுத்தம் பெறும். முன்னால் இன்னும் நான்கு அசைகள் இருக்கின்றன. அத்தனையையும் ஒடுக்கினால் சொல் குழைந்துவிடும். ஆங்கிலம் இப்படிப்பட்ட சொற்களில் முன்பகுதிக்குத் துணை அழுத்தம் தருகிறது. பெரும்பாலும் முதன்மை அழுத்தத்துக்கு இரண்டு அசை முன்னால். அகராதி அதை அடியில் இடும் குத்துக்கோட்டால் காட்டும். இங்கே “என்” ஒரு துணை அழுத்தமும், அதற்கும் இரண்டு அசை முன்னால் “கேஸ்” இன்னொன்றும் பெறுகின்றன. கேஸ்-ட்ரோ, என்-ட, ˈரா-ல-ஜி என்று மூன்று அடியாக நடந்து, மூன்றாம் அடியை மட்டும் ஓங்கி வையுங்கள். “ரி-ஸ்பான்-ஸ-ˈபி-ல-டி” என்ற ஆறசைச் சொல்லிலும் “ஸ்பான்” துணை அழுத்தமும் “பி” முதன்மை அழுத்தமும் பெறுகின்றன. “ஸூ-பர்-இன்-ˈடென்-டன்ட்” என்பதில் துணை அழுத்தம் முதலசையில் விழும்.

எண்களும் எழுத்துச் சுருக்கங்களும்

பதின்மூன்றைக் குறிக்கும் “தர்-ˈடீன்” தனித்துச் சொல்லும்போது இறுதியில் அழுத்தம் பெறும், முப்பது “ˈதர்-டி”. தொலைபேசியில் சரக்குப் பெட்டிகளின் எண்ணிக்கையையோ தொகையையோ சொல்லும்போது இந்த வேறுபாடு தவறினால் பண இழப்பே நேரலாம். எழுத்தெழுத்தாகச் சொல்லும் சுருக்கப் பெயர்களில் கடைசி எழுத்தே முதன்மை அழுத்தம் பெறும்: ஐ-சி-ˈஎஃப், டி-ˈவி.

அகராதியைப் பார்க்கும் முறை

கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் அகராதிகளில் ஒலிபெருக்கிக் குறியைத் தட்டினால் சொல் ஒலிக்கும். உடனே தட்டிவிடாமல், முதலில் நீங்களே எண்ணி, வாலைப் பார்த்து, அழுத்தம் எங்கே என்று முடிவுசெய்து, பிறகு கேளுங்கள். ஊகித்துச் சரிபார்த்த சொல் வெறுமனே கேட்ட சொல்லைவிட நெடுநாள் நிற்கும். பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்புகள் இரண்டும் அருகருகே தரப்பட்டிருக்கும். சில சொற்களில் அவை வேறுபடும்: ஆய்வகம் பிரிட்டிஷில் “ல-ˈபா-ர-ட்ரி”, அமெரிக்காவில் “ˈலா-ப்ர-டோ-ரி”; விளம்பரம் பிரிட்டிஷில் “அட்-ˈவர்-டிஸ்-மன்ட்”, அமெரிக்காவில் “அட்-வர்-ˈடைஸ்-மன்ட்”. இரண்டும் சரியானவை, ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள். சில அமெரிக்க அகராதிகள் அழுத்தக் குறியை அசைக்கு முன்னால் இடாமல் பின்னால் இடும் வழக்கமுடையவை என்பதால், புதிய அகராதி எதையும் கையாளத் தொடங்குமுன் நன்கு தெரிந்த ஒரு சொல்லை, எடுத்துக்காட்டாக “ஹோ-ˈடெல்” என்பதை, அதில் தேடி, குறி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.